கனடாவில் பூர்வகுடி மாதரும் அரசாங்க மானியமும்

பிற மாநிலங்களில் வாழ்ந்துகொண்டு தமிழ்ச் சங்கமோ, நூல் நிலையமோ, மாதர் மன்றமோ நடத்தி வரும் நேயர்களுக்கு ஓர் உண்மை அனுபவத்தால் விளங்கியிருக்கும். ஆண்டு விழாவுக்கு நன்கொடை தருவோர் பலர். கட்டட வாடகைக்கும் எழுத்தரின் சம்பளத்துக்கும் பணம் தருவோர் மிகச் சிலர். ஒரு காரியத்துக்காகத் தரப்படும் பணம் ஒன்று. ஒரு சங்கம் நிலைத்து நிற்பதற்காகத் தரப்படும் பணம் மற்றொன்று. நமக்கு இது சிறு சங்கடமாகவே இருந்துவிடலாம். ஆனால் கனடா தேசத்தில், சமுதாயத்தின் விளிம்பிலே நின்ற பெண்களுக்கு, இந்த வேறுபாடு உயிரோடு தொடர்புடைய பிரச்சினையாகவே ஆயிற்று. அந்த வரலாற்றையே இங்கு ஆராய முற்படுகிறோம்.

கனடாவின் பூர்வகுடி மக்களை ஆள்வதற்காக 1876ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டத்துக்கு 'இந்தியர் சட்டம்' என்று பெயர். நேயர்கள் மயங்க வேண்டியதில்லை. நமக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. கொலம்பஸ் கரை தவறி இறங்கியதன் பயனாக அமெரிக்கக் கண்டத்து மக்களுக்கு ஏற்பட்ட பெயர் அது. அச்சட்டம் ஏற்படுவதற்கு முன்பே, 1869இல், ஒரு விதி புகுத்தப்பட்டிருந்தது. பூர்வகுடிப் பெண் ஒருத்தி வெளியாரை மணந்தால், அந்நாள் முதல் அவள் பூர்வகுடியினள் அல்லள். அவள் வயிற்றுப் பிள்ளைகளும் அல்லர். பிறந்த மண்ணில் குடியிருக்கவும், அங்கே சொத்துரிமை பெறவும் அவளுக்கு இடமில்லை. ஆனால் பூர்வகுடி ஆடவன் ஒருவன் வெள்ளைக்காரப் பெண்ணை மணந்தால் அவனுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. மணந்து வந்த அந்தப் பெண்ணே சட்டத்தின் கண்ணில் 'இந்தியர்' ஆகிவிடுவாள். பெற்றோராலும் பிறப்பாலும் அடைந்த உரிமையை ஒரு திருமணப் பதிவேடு அழித்துவிடும் விந்தையை அச்சட்டம் நூறாண்டுக்கு மேல் நடத்தி வந்தது.

இதனை எதிர்த்து முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் மேரி டூ-ஆக்ஸ் எர்லி என்னும் மோஹாக் இனத்து மூதாட்டி. மான்ட்ரீல் நகருக்கு அருகிலுள்ள கானவாகே என்னும் ஊரினர். 1967இல் கனடா அரசாங்கம், பெண்களின் நிலையை ஆராய பிளாரன்ஸ் பேர்டு அம்மையாரின் தலைமையில் ஒரு ராயல் கமிஷனை நியமித்தது. மறு ஆண்டில் மேரி அதன் முன் தம் மக்களின் குறையை எடுத்துரைத்தார். 1970இல் கமிஷன் 167 பரிந்துரைகளை வெளியிட்டது; திருமணத்தால் உரிமை பறிபோகும் விதியை நீக்க வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று.

கமிஷனின் பரிந்துரைகளுக்குப் பின் 1973இல் 'மகளிர் திட்டம்' என்று ஒரு மானியத் திட்டம் தோன்றியது. அரசாங்கப் பொக்கிஷத்திலிருந்து மாதர் அமைப்புகளுக்குப் பணம் தருவது அதன் வேலை. அரசாங்கத்தின் சட்டங்களைக் குறை கூறும் அமைப்புகளுக்கும் அப்பணம் கிடைத்தது என்பதுதான் அதன் சிறப்பு. தன்னை ஏசுவோருக்குத் தானே படியளக்கும் அரசாங்கம் உலகில் அரிதே. அடுத்த ஆண்டில், 1974இல், பூர்வகுடி மாதர் தமக்கென்று கனடா பூர்வகுடி மகளிர் சங்கத்தை நிறுவினர்.

அவர்களுக்குத் தனிச் சங்கம் எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். அதற்கு விடை 1973ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பில் இருக்கிறது. வெளியாரை மணந்ததால் உரிமை இழந்த ஜெனட் கோர்பியர் லவெல், இவான் பெடார்டு என்னும் இரு பெண்களின் வழக்கை உச்ச நீதிமன்றம் விசாரித்தது. ஐந்து நீதிபதிகள் அவர்களுக்கு எதிராகவும் நால்வர் சார்பாகவும் தீர்ப்பளித்தனர். அந்த வழக்கிலே அரசாங்கத்தின் பக்கம் நின்று வாதாடியவர்களுள், ஆடவர் தலைமையில் இயங்கிய தேசிய பூர்வகுடி அமைப்பும் ஒன்று! அவ்வமைப்பினரை வெறும் பெண் விரோதிகள் என்று நாம் தள்ளிவிட முடியாது. இந்தியர் சட்டத்தையே அடியோடு ஒழித்துவிட 1969இல் அரசாங்கம் முயன்றிருந்தது. ஒரு செங்கல்லை உருவினால் சுவர் முழுவதும் சரிந்து, எஞ்சிய நிலமும் கைவிட்டுப் போகும் என்று அவர்கள் அஞ்சினர். எனினும் அந்த அச்சத்துக்கு விலை கொடுத்தவர்கள் பெண்களே.

உள்நாட்டு நீதிமன்றம் கைவிட்டதும், டொபீக் என்னும் ஊரைச் சேர்ந்த சாண்ட்ரா லவ்லேஸ் 1977இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழுவிடம் முறையிட்டார். 1979ஆம் ஆண்டு ஜூலையில் டொபீக் மாதர் ஓகாவிலிருந்து தலைநகர் ஓட்டாவா வரை ஏறத்தாழ நூறு மைல் நடந்தே சென்றனர். 1981இல் கனடாவுக்கு எதிராக அந்தக் குழு முடிவு கூறியது. 1985இல் சட்டம் திருத்தப்பட்டது. இழந்த உரிமையை முதன்முதலில் திரும்பப் பெற்றவர் மேரி டூ-ஆக்ஸ் எர்லியே. அப்பொழுது அவருக்கு வயது 73. அவரைப் பின்பற்றி லட்சத்துக்கும் மேற்பட்டோர் உரிமை பெற்றனர். விதியின் எஞ்சிய வேர்களையும் களைய 2019 வரை மேலும் திருத்தங்கள் தேவைப்பட்டன.

பணத்தின் கதை அரசியலமைப்புப் பேச்சின்போது வேறொரு வடிவில் தோன்றிற்று. 1992இல் கனடாவின் அரசியலமைப்பைத் திருத்தும் ஆலோசனைகள் நடைபெற்றன. அவற்றில் பங்கு கொள்ள நான்கு தேசிய பூர்வகுடி அமைப்புகளுக்கு அரசாங்கம் 1 கோடி டாலர் வழங்கியது. பூர்வகுடி மகளிர் சங்கம் அந்நான்கில் இல்லை. அவற்றுள் இரண்டு அமைப்புகள் தலைக்கு 1,30,000 டாலரைப் பெண்களுக்குப் பிரித்துக் கொடுத்தன. பின்னர் அரசாங்கத்திடமிருந்து மேலும் 3 லட்சம் கிடைத்தது. பேச்சு மேசையிலோ ஆசனம் கிடைக்கவில்லை. பணம் பெற்றவர் குரல் பெற்றார், பெறாதவர் ஊமையாக்கப்பட்டார் என்று மாதர் வழக்குத் தொடுத்தனர். மேல் முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் வாதத்தை ஏற்றது. ஆனால் உச்ச நீதிமன்றம் 1994இல் அதனை மாற்றியது. பேசும் உரிமை எல்லோருக்கும் உண்டு, அதற்கு மேடையும் பொருளும் அமைத்துத் தரும் கடமை பொதுவாக அரசாங்கத்துக்கு இல்லை என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஒருவருக்கு மேடை அமைத்துக் கொடுத்துவிட்டு மற்றவரிடம் அதே நியாயத்தைச் சொல்வது நமக்கு அவ்வளவு எளிதில் செரிக்கவில்லை.

இனி, இவ்வரலாற்றின் மிகத் துயரமான பகுதிக்கு வருவோம். கனடாவில் பூர்வகுடிப் பெண்கள் பலர் கொலையுண்டும் காணாமற் போயும் வந்தனர். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் இளவரசர் ஜார்ஜ் நகரையும் இளவரசர் ரூபர்ட் நகரையும் இணைக்கும் 16ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மக்கள் 'கண்ணீர் நெடுஞ்சாலை' என்றே பெயரிட்டனர். அவ்வழியில் அத்தனை பெண்கள் மறைந்தனர். எத்தனை பேர் என்று கேட்டால் பதில் சொல்வார் இல்லை. இறந்தவர் பூர்வகுடியினரா என்பதைப் போலீஸ் ஏடுகள் அக்காலத்தில் ஒழுங்காகக் குறிக்கவில்லை. எண்ணப்படாத சாவு, நடவாத சாவாகவே கருதப்பட்டது.

பூர்வகுடி மகளிர் சங்கம் தானே எண்ணுவதென்று துணிந்தது. பெண்கள் நலத்துக்கான அரசாங்க நிறுவனம் 2005இல் அதற்கு ஐந்தாண்டுகளுக்கு 50 லட்சம் டாலர் மானியம் தந்தது. 'ஆன்ம சகோதரிகள்' என்று பொருள்படும் பெயரோடு அம்முயற்சி தொடங்கியது. பழைய செய்தித்தாள்களைப் புரட்டினர். தாய்மாரையும் உடன்பிறந்தோரையும் தேடிச் சென்று, அவர்கள் சொல்லியதைச் செவி மடுத்து எழுதிக்கொண்டனர். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறிப்பேடு திறந்தனர். ஆண்டுதோறும் அக்டோபர் 4ஆம் நாள் ஊர்தோறும் விளக்கேந்தி நினைவுக் கூட்டங்கள் நடத்தினர். 2010 மார்ச் முடிவில் அவர்களது பட்டியலில் 582 பெயர்கள் இருந்தன. அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் கொலையுண்டவர்கள். ஐந்தில் ஒரு பங்கினர் காணாமற் போனவர்கள்.

இதற்கிடையில் அரசாங்கத்தின் கொள்கை மாறிவிட்டிருந்தது. 2006ஆம் ஆண்டு செப்டம்பரில் செலவைக் குறைக்கும் அறிவிப்பு ஒன்று வந்தது. பெண்கள் நலத்துக்கான நிறுவனத்தின் 16 கிளை அலுவலகங்களில் 12 மூடப்பட்டன. மகளிர் திட்டத்தின் நோக்கங்களிலிருந்து 'சமத்துவம்' என்ற சொல்லே சில காலம் நீக்கப்பட்டது. கொள்கை மாற்றம் கோரி வாதாடும் வேலைக்கு இனி மானியம் இல்லை. நேரடிச் சேவைக்கு மட்டுமே உண்டு. சம உரிமை வழக்குகளுக்கு உதவி வந்த நிதித் திட்டமும் அன்றே ரத்தாயிற்று; அது மீண்டும் உயிர் பெற 2017 வரை காத்திருக்க நேர்ந்தது. சேவை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. காயத்துக்குக் கட்டுப் போடுவதற்குப் பணம் உண்டு, காயம் ஏன் நேர்ந்தது என்று கேட்பதற்கு இல்லை என்றால் அது என்ன ஏற்பாடு?

582 பெயர்களோடு 2010இல் பெண்கள் வந்து நின்றபோது நிகழ்ந்ததும் அதுவே. கொலையுண்ட, காணாமற் போன பூர்வகுடிப் பெண்களுக்கென்று அவ்வாண்டில் 1 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஆனால் அதில் 40 லட்சம், காணாமற் போனவர் அனைவருக்குமாகப் போலீஸ் துறை அமைத்த மையத்துக்குச் சென்றது. பட்டியலை எழுதிய சங்கத்துக்குப் புதிய வேலைகளுக்கு மானியம் கிடைத்தது. பட்டியலைத் தொடர்வதற்குக் கிடைக்கவில்லை. அப்பொழுது அச்சங்கத்தின் தலைவியாக இருந்தவர், 1973இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்ற அதே ஜெனட் கோர்பியர் லவெல் அம்மையார்.

நான்காண்டுகள் கழித்து, 2014இல், கனடாவின் தேசியப் போலீஸ் படையே கணக்கெடுத்து வெளியிட்டது. 1980 முதல் 2012 வரை 1,017 கொலைகள், காணாமற் போனோர் 164, ஆக 1,181. பெண்களின் ஜனத்தொகையில் நூற்றுக்கு 4.3 பேரே பூர்வகுடியினர். கொலையுண்ட பெண்களிலோ நூற்றுக்கு 16 பேர். இரண்டு கணக்குகளும் ஒரே காலத்தையும் ஒரே முறையையும் கொண்டவை அல்ல. ஆயினும் மாதர் மிகைப்படுத்துகிறார்கள் என்று சொல்வாருக்கு அதன்பின் வாயடைத்துப் போயிற்று.

பூர்வகுடியினருள் மற்றொரு சாராரின் நிலை இன்னும் மறைவாக இருந்தது. ஆண் பெண் என்னும் இரண்டு வகுப்பில் அடங்காதோருக்கும், தம் பாலினரையே விரும்புவோருக்கும் பூர்வகுடிச் சமுதாயங்கள் பலவற்றில் முற்காலத்தில் தனி இடம் இருந்தது. 1990இல் மானிடோபா மாகாணத்தில் கூடிய மாநாட்டில் அவர்கள் 'இரு ஆன்மாக்கள் உடையோர்' என்று பொருள்படும் பெயரைத் தமக்குச் சூட்டிக்கொண்டனர். கனடா அரசாங்கம் அத்தகையோரை நெடுங்காலம் பகைவராகவே நடத்தியது. ஆடவரிடையேயான உறவு 1969 வரை குற்றம். 1950களிலிருந்து 1990கள் வரை ராணுவத்திலும் அரசாங்க அலுவலகங்களிலும் தற்பால் விருப்பினரைத் தேடிப் பிடித்து வெளியேற்றினர். கண்மணியின் விரிவை அளந்து அவர்களைக் கண்டுபிடிக்க ஒரு யந்திரமும் செய்து பார்த்தார்கள், அது பலிக்கவில்லை. ராணுவத்திலிருந்து 1989இல் நீக்கப்பட்ட மிஷேல் டக்ளஸ் தொடுத்த வழக்கால் 1992இல் ராணுவத் தடை நீங்கியது. 2017இல் பிரதமர் பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். 2018இல் 14½ கோடி டாலர் வரையிலான நஷ்ட ஈட்டுக்கு நீதிமன்றம் ஒப்புதல் தந்தது. அதன் ஒரு பகுதி நினைவுச் சின்னத்துக்கும் வரலாற்று ஆவணங்களுக்குமாக ஒரு நிதியாக அமைந்தது. இது கேட்டுப் பெற்ற மானியம் அன்று. நீதிமன்றத்தில் வாதாடி அடைந்த உரிமைப் பொருள். ஆகவே அதற்கு யாரும் நோக்கங்களைத் திருத்தி எழுத இயலவில்லை.

2016இல் தேசிய விசாரணைக் குழு ஒன்று அமைக்கப்பட்டது. 2019 ஜூன் 3ஆம் நாள் அது வெளியிட்ட அறிக்கையில் 231 கோரிக்கைகள் உள்ளன. பூர்வகுடிப் பெண்களோடும் சிறுமியரோடும் இரு ஆன்மாக்கள் உடையோரையும் பிற பால்புதுமையினரையும் சேர்த்தே அது பேசுகிறது. ஓராண்டு, ஈராண்டு என்று துண்டு துண்டாகத் தரப்படும் மானியம் போதாது, நீண்ட காலத்துக்கு நிலையான பணம் வேண்டும் என்று அக்குழு வற்புறுத்தியது. 2021ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் இக்காரியத்துக்காக ஐந்தாண்டுகளுக்கு 220 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது.

2022 ஆகஸ்டில் பால்புதுமையினருக்கான முதல் தேசியச் செயல் திட்டம் வெளியாயிற்று. மொத்தம் 10 கோடி டாலர். அதில் சமுதாய அமைப்புகளுக்கு 7½ கோடி வரை. இந்த ஏழரைக் கோடியை அவர்கள் பிரித்த விதத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். குறிப்பிட்ட காரியங்களுக்கு 3½ கோடி வரை. அமைப்புகள் தம் காலில் நின்று வலுப்பெறுவதற்கு 4 கோடி வரை. விழாவை விட விளக்கெண்ணெய்க்குச் சற்று அதிகமாகவே ஒதுக்கியிருந்தார்கள். ஒதுக்கியது ஐந்தாண்டுகளுக்கு.