தாமிரபரணியில் பாசி படர்வது ஏன்? டெஸ்ட் ரிசல்ட்டில் தெரியாததையும் காட்டும் பச்சை!

கோடையில் தாமிரபரணியில் நீரோட்டம் குறைந்ததும் படித்துறையில் கால் வைத்தாலே வழுக்கும். கல், படி எல்லாம் பச்சைப் பசேல்னு பாசி. இது வெறும் அழுக்கு இல்லை. தண்ணீரில் உரச்சத்து சேர்கிறது என்பதற்கான அறிகுறி.

பாசிக்கு என்ன தேவை?

வெளிச்சம், சூடு, நைட்ரஜன், பாஸ்பரஸ். நெல்லை வெயிலில் முதல் இரண்டுக்கும் பஞ்சமே இல்லை. மற்ற இரண்டும் சாக்கடை, சலவைத் தூள், வயலில் இருந்து வடியும் உரம் வழியாக வருகின்றன. ஆற்றில் சாக்கடை கலப்பது தொடர்பான வழக்கில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகள் 2024ல் நெல்லைக்கு நேரிலேயே வந்து ஆய்வு செய்தார்கள்.

இதில் பாஸ்பரஸ் கொஞ்சம் இருந்தாலே போதும். கடலில் மிதக்கும் நுண்பாசிகளில் சராசரியாக 16 நைட்ரஜன் அணுவுக்கு 1 பாஸ்பரஸ் அணுதான் இருக்கிறது. நன்னீரில் பெரும்பாலும் பாஸ்பரஸ்தான் பற்றாக்குறை. அது கூடினால் பாசியும் கூடும்.

டெஸ்டில் சத்து கம்மி, ஆனா பாசி அதிகம்... எப்படி?

வீட்டில் கடல் மீன், பவளம் வளர்ப்பவர்களும் குழம்பும் இடம் இது. தொட்டி முழுக்கப் பாசி இருக்கும். டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் ஜீரோ காட்டும். காரணம் சிம்பிள். கரைந்திருந்த சத்தைப் பாசி ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டது. டெஸ்ட் காட்டுவது மிச்சத்தை மட்டும்தான். ஆற்றுக்கும் இதே கணக்குதான். அதனால் ரிசல்ட்டையும் பாசியையும் சேர்த்தே பார்க்கணும்.

நிறம் என்ன சொல்லும்?

* பழுப்புப் படலம்: பெரும்பாலும் டயட்டம். இதற்கு சிலிக்கா வேண்டும். புதுத் தொட்டிகளில் சகஜம்.
* பச்சை இழை: நைட்ரஜன், பாஸ்பரஸ் இரண்டும் தொடர்ந்து கிடைக்கிறது.
* நீலப்பச்சை ஆடை: சயனோபாக்டீரியா. இதில் சில வகை காற்றில் உள்ள நைட்ரஜனையே எடுத்துக்கொள்ளும். சில வகை நஞ்சும் உண்டாக்கும்; கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ அதில் குளிக்கவோ வேண்டாம்.

நிறம் ஒரு துப்பு மட்டுமே. உறுதி செய்ய ஆய்வகப் பரிசோதனை வேண்டும்.

மீன் ஏன் சாகிறது?

பாசி பகலில் ஆக்சிஜன் தரும். இரவில் அதையே சுவாசிக்கும். செத்து அழுகும்போது பாக்டீரியாவும் ஆக்சிஜனை இழுக்கும். விடியற்காலையில் மீன் மிதப்பது இதனால்தான்.

புன்னக்காயலில் தாமிரபரணி சேரும் மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் இருக்கின்றன. அங்கே 2019ல், புன்னக்காயலில் இருந்து வெகு தூரத்தில் உள்ள மண்டபம் பகுதியில், நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகிக் கடலே பச்சையானது. ஆக்சிஜன் குறைந்து மீன்களோடு பவளங்களும் செத்தன.

என்னதான் தீர்வு?

பாசியைச் சுரண்டி அதே தண்ணீரில் விட்டால், அது அழுகி சத்து மறுபடி தண்ணீருக்கே போகும். அள்ளிக் கரையேற்றணும். அதைவிட முக்கியம், சாக்கடை வரும் வாயை அடைப்பது. அடைத்த பிறகும் அடிச்சேற்றில் தங்கிய பாஸ்பரஸ் கொஞ்ச காலம் கசியும். அதனால் பாசி உடனே போகலையேன்னு முயற்சியைக் கைவிடக் கூடாது.