பொந்தியானாக்: ஒரு சொல்லும் ஒரு திரைப்படமும்

1957ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘பொந்தியானாக்’ என்னும் மலாய்ப் படம் சிங்கப்பூரில் வெளியாயிற்று. கேத்தே-கெரிஸ் நிறுவனம் எடுத்த அப்படம் வாரக்கணக்கில் ஓடியது. கன்டோனிய மொழியிலும் குரல்மாற்றம் பெற்றது. அவ்வாண்டே ஒரு தொடர்ச்சியும், மறு ஆண்டில் ‘சும்ப்பா பொந்தியானாக்’ என மற்றொன்றும் வந்தன.

பொந்தியானாக் என்பதை, பிள்ளைப்பேற்றில் இறத்தலைக் குறிக்கும் ‘மாத்தி பெரானாக்’ என்னும் தொடரின் திரிபாக மக்கள் விளக்குவர். மொழியியலார் இத்தகைய விளக்கங்களை எளிதில் ஏற்பதில்லை. எனினும், அவ்விளக்கம் எந்தத் துயரிலிருந்து எழுந்தது என்பதை நாம் அறிவோம். தமிழகத்தில் கருவுற்ற நிலையில் இறந்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கிக் கல் நட்டனர். மலாய் மரபிலோ அவள் இரவில் திரும்பி வருகிறாள். பிடரியில் ஆணி அறைந்தால் அழகிய மங்கையாகிவிடுகிறாள்.

இப்படங்களை இயக்கிய பி. என். ராவ், முன்னர்த் தமிழில் ‘ரம்பையின் காதல்’ (1939), ‘மதனகாமராஜன்’ (1941) ஆகியவற்றை இயக்கியவர். சாபத்தால் சிலையான ரம்பை இரவில் உயிர்பெறும் கதையைப் படமாக்கியவருக்கு, ஆணியால் உருமாறும் பேய்மகள் அயலாகத் தோன்றியிருக்க மாட்டாள். கனவில் உருமாற்றத்திற்குக் காரணம் கேட்பாரில்லை, இக்கதைகளிலும் அப்படியே.

‘சும்ப்பா பொந்தியானாக்’ இன்றும் காணக் கிடைக்கிறது. அதன் முகமூடிப் பூதங்களைக் கண்டு மாணவர்கள் சிரிப்பர். சிரிக்கட்டும், நகைச்சுவை அக்காலத்தும் இத்தொடரின் ஒரு கூறே. முதற்படத்தில் சாத்தே விற்பவராக நடித்த வாஹிட், அதன்பின் வாஹிட் சாத்தே என்றே அறியப்பட்டார். ஆனால் மரியா மெனாடோ ஏற்ற சோமெல் என்னும் பொந்தியானாக், தன் மகளைக் காக்க அப்பூதங்களை எதிர்த்து வரும்போது சிரிப்பு அடங்கிவிடும். ஒப்பனை பொய்யென்று நன்கு தெரிகிறது. தாயின் பதைப்பை அவ்வாறு தள்ளிவிட முடிவதில்லை. இப்படம் நிலைத்திருப்பதற்கு இதையே முதற்காரணமாகக் கொள்வேன்.

எஞ்சிய கேத்தே-கெரிஸ் மலாய்ப் படங்கள் 91, 2014இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் நினைவேட்டில் இடம்பெற்றன. முதலிரு பொந்தியானாக் படங்கள் அவற்றுள் இல்லை, படச்சுருள்கள் தொலைந்துவிட்டன. அவற்றைத் திரையில் கண்ட சிறுவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ கடந்தோ இருப்பர். வீட்டில் அத்தகைய முதியோர் இருப்பின், எந்த அரங்கில், யாருடன், எக்காட்சியில் கண்ணை மூடிக்கொண்டனர் என்று மாணவர்கள் கேட்டு, அவர்கள் சொல்லும் மொழியிலேயே எழுதிவைக்க வேண்டுகிறேன்.