ஒரே சாலையில் ஒரு ஃபியஸ்டா

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் ஃபோர்டு ஃபியஸ்டா பிறந்தது மறைமலைநகரில். ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஊர் அது. அந்தச் சாலையே செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம் கடந்து உளுந்தூர்பேட்டைக்கு வருகிறது. அங்கே சேருவதற்கு முன்பே பிரிந்தால் எங்கள் ஊரான திருநாவலூர். வண்டி இதுவரை இருந்த மூன்று வீடுகளும் இந்த ஒரே வழித்தடத்தில்தான்: குரோம்பேட்டை, விழுப்புரம், எங்கள் ஊர். பெருநகரத்தில் புதிதாக வாங்கிய கார் சிறுநகரத்துக்கு இறங்கி, அங்கிருந்து கிராமத்துக்கு வந்து சேர்வது நம் பக்கம் வழக்கம்தான். ஆனால் பாதி வழியில் பழைய இரும்புக்குப் போகும் வண்டிகளே நிறைய. இது தப்பி வந்ததற்குக் காரணம், கூடவே ஒரு ஃபைலும் வந்ததுதான்.

ஃபியஸ்டா செடான் நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது 2005இல். எங்களுடையது 1399 சி.சி. டீசல் எஞ்சின். ஃபோர்டும் பிரான்சின் பியூஜோ சித்ரோன் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய குடும்பத்தைச் சேர்ந்தது, 68 குதிரைத்திறன். இன்றைய கணக்குக்கு அது குறைவுதான். 2009 டிசம்பரில் மீனம்பாக்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பதிவாகி டி.என். 22 என்று தொடங்கும் எண்ணைப் பெற்றது. மாநிலத்துக்குள் எத்தனை ஓனர் மாறினாலும் அந்த எண் மாறாது, முதலில் கட்டிய ஆயுட்கால வரியும் கூடவே வரும்.

முதல் ஓனரை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் கையெழுத்து எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு சர்வீஸ் பில்லின் ஓரத்திலும் நீல மையில் அன்றைய கிலோமீட்டரும், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதி வைத்திருக்கிறார். பில்களைத் தேதி வாரியாகப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கி, விற்கும்போது சாவியோடு கொடுத்திருக்கிறார். விழுப்புரத்து ஓனரும் அதைத் தொலைக்காமல் தன் பில்களைச் சேர்த்திருந்தார். மீட்டரைப் பின்னால் ஓட்டிக் குறைத்துக் காட்டும் ஏமாற்று வேலை பழைய கார் சந்தையில் சாதாரணம். அதைக் கண்டுபிடிக்க இந்தப் பில்களை விட நல்ல கருவி கிடையாது. பில் இல்லாத வண்டியில் கிளட்ச் பெடலின் ரப்பர், ஸ்டியரிங்கின் தேய்மானம், டிரைவர் சீட்டின் ஓரம் இவற்றைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டு 23ஆம் வாரம் செய்தது. புது டயர் என்று சொல்லி விற்பவரிடம் இதைக் கேட்டாலே பேச்சு மாறிவிடும்.

நான் பயந்தது வேறு ஒன்றுக்கு. வண்டி விழுப்புரத்துக்கு வந்தது 2016இல். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கழுத்தளவு நீரில் நின்ற கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு, பாலீஷ் போடப்பட்டு, அடுத்த ஆண்டு முழுக்கத் தென்மாவட்டங்களில் கை மாறிக்கொண்டிருந்தன. வெளியே பளபளப்பாக இருக்கும். ஓராண்டில் வயரிங் ஒவ்வொன்றாகப் பச்சை பூத்து, ஏ.சி. நின்று, கண்ணாடி இறங்காமல் போகும். மெக்கானிக்காக நான் கூட்டிப்போன தம்பி பானெட்டைத் திறக்கவே இல்லை. பின் கதவைத் திறந்து சீட் பெல்ட்டை இழுத்தான். யாரும் அணியும்போது வெளியே வராத கடைசி முழம் வரை இழுத்துப் பிடித்து, வெயிலில் திருப்பிப் பார்த்தான். நீரில் மூழ்கிய வண்டியில் அந்த இடத்தில்தான் சேற்றுக் கோடு படிந்திருக்கும். பெல்ட்டை முழுதாக வெளியே எடுத்துத் துவைப்பவர் அரிது. பிறகு டிக்கியில் ஸ்டெப்னி டயரைத் தூக்கி அடிக்குழியில் விரலை விட்டுத் தடவினான். சீட் ஓடும் தண்டவாளத்தின் அடிப்பக்கத்தையும் தொட்டுப் பார்த்தான். எங்கும் வண்டல் இல்லை. "தண்ணி பாத்த வண்டி இல்லண்ணா" என்றான். ஃபைலைப் புரட்டினால் அந்த டிசம்பர் முதல் வாரத்தில் மதுரைப் பக்கம் டீசல் போட்ட ரசீது ஒன்று இருந்தது. வெள்ளம் வந்தபோது வண்டி சென்னையிலேயே இல்லை.

எங்கள் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான அதே 2019 நவம்பரில்தான் வண்டி எங்களிடம் வந்தது. பேசிய விலை இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல். பணத்தை எண்ணிக் கொடுத்து, சாவியை வாங்கி, எலுமிச்சம்பழத்தை நசுக்கியதும் வேலை முடிந்துவிட்டதாக நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். "பேர் மாத்துறத அப்புறம் பாத்துக்கலாம்" என்பது கிராமத்துப் பழைய கார் வியாபாரத்தின் பெரிய நோய். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை இவர்களுக்கெல்லாம் படித்துக் காட்ட வேண்டும். அடுத்தடுத்துக் கை மாறிய கார் ஒன்று விபத்தில் சிக்கியது, ஆர்.சி.யில் இருந்ததோ முதலில் விற்றவரின் பெயர். இழப்பீட்டுப் பொறுப்பு அந்தப் பெயருக்கு உரியவருக்கே என்பது தீர்ப்பு. விற்றவர் 29ஆம் படிவத்திலும், வாங்குபவரும் விற்பவரும் 30ஆம் படிவத்திலும் கையெழுத்துப் போட்டு, எஞ்சின் எண்ணையும் சேஸிஸ் எண்ணையும் சரிபார்த்து, வங்கிக் கடன் இருந்திருந்தால் 35ஆம் படிவத்தில் அதை நீக்கி, இன்ஷூரன்ஸையும் மாற்றினால்தான் வண்டி நம்முடையது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது புதிதாகத் தோன்றக் கூடாது. இது சுந்தரர் பிறந்த ஊர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிய பிள்ளையை நரசிங்கமுனையரையர் பார்த்து, அழைத்துப்போய் வளர்த்தார் என்பது ஊர் அறிந்த கதை. அந்தப் பிள்ளையின் திருமணத்தை நிறுத்தியது ஓர் ஓலை. சுந்தரர் தனக்கு அடிமை என்று சொல்லிக் கிழவர் வேடத்தில் வந்த சிவன் காட்டிய படி ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தார். ஆனாலும் வழக்கு முடியவில்லை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் மூல ஓலை வந்தது, பாட்டனாரின் கையெழுத்தோடு ஒப்பிட்டார்கள், அதற்குப் பிறகே தீர்ப்பு. உடைமை வழக்கில் வாய்ப்பேச்சு செல்லாது, மூலப் பத்திரமே பேசும் என்று இந்த மண் அப்போதே அறிந்திருந்தது.

வாங்கியதும் முதலில் மாற்றியது டைமிங் பெல்ட். இந்த எஞ்சினில் அது ரப்பர் பெல்ட். ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே போய்விடும். முன் எச்சரிக்கையாக எந்தச் சத்தமும் தராது. வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். முந்தைய ஓனர் மாற்றியதாகச் சொன்னார், ஆனால் ஃபைலில் பில் இல்லை. பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தண்ணீர். எங்கள் பக்கத்து போர் தண்ணீர் உப்பு கலந்த கடினநீர். ரேடியேட்டரில் அதை ஊற்றினால் உள்ளே சுண்ணாம்பு படிந்து குழாய் அடையும். கூலண்டும் வடிநீரும் கலந்து ஊற்றுவதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. அறுவடைக் காலத்தில் எலி வயலை விட்டு பானெட்டுக்குள் குடியேறும். ஒரே இரவில் வயரைக் கடித்துவிடும். புகையிலையைத் துணியில் முடிந்து உள்ளே கட்டுகிறோம், ராத்திரியில் பானெட்டைத் திறந்தே வைக்கிறோம். இரண்டாவதுதான் கூடுதலாக வேலை செய்கிறது.

வண்டியின் உண்மையான பரீட்சை கல்வராயன் மலை. கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் வளைவுகளில் ஐந்து பேரோடும் டிக்கி நிறையச் சாமானோடும் போனால் கிளட்ச்சின் நிலைமை தெரிந்துவிடும். ஏறுவதை விட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். இரண்டாவது கியரில் எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சூடேறி, பெடல் மெத்தென்று உள்ளே போகும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். ஈரம் சேர்ந்த ஆயில் சீக்கிரம் கொதிக்கும், குமிழி விடும், பிரேக் பிடிக்காது. அளவு குறையாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றியே ஆக வேண்டும். பலர் அதன் அளவைப் பார்ப்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தது. அடுத்த ஆண்டு மறைமலைநகரில் கடைசி வண்டி வெளியே வந்தது. ஆலையில் உழைத்தவர்களின் குடும்பங்களுக்கு அது பேரிடி. அதற்கு முன்னால் பழைய காரின் விலை இறங்கியது பெரிய விஷயமே இல்லை. ஆனாலும் "வித்துடு, ஸ்பேர் கெடைக்காது" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. நான் விற்கவில்லை. உதிரிபாகமும் சர்வீஸும் தொடரும் என்று நிறுவனம் சொல்லியிருந்தது. அதை விடப் பெரிய தைரியம், இதே 1.4 டீசல் எஞ்சின் ஃபிகோ காரிலும் இருந்தது என்பது. ஃபிகோ ஏராளமாக விற்ற வண்டி. அது ஓடும் வரை எஞ்சின் சாமான் கிடைக்கும். சிக்கல் ஃபியஸ்டாவின் உடம்புக்கே உரிய பாகங்களில்தான். பின் விளக்கு உடைந்தபோது சென்னை புதுப்பேட்டைக்குப் போய், கடை கடையாக ஏறி இறங்கி, பிரித்த வண்டியிலிருந்து கழற்றிய ஒன்றைக் கொண்டுவந்தேன். இறந்த ஃபியஸ்டா ஒன்றின் விளக்கு இதில் எரிகிறது.

2024 டிசம்பரோடு பதினைந்து ஆண்டு முடிந்தது. டெல்லியில் டீசல் காருக்குப் பத்து ஆண்டுதான் என்று தீர்ப்பு வந்தபோது இங்கேயும் பலர் பயந்து விற்றார்கள். தமிழ்நாட்டில் அப்படித் தடை இல்லை. வண்டியைக் காட்டி, தகுதிச் சான்று பெற்று, பசுமை வரி கட்டி, ஐந்து ஐந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்கலாம். தனியார் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. புகையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர் இரண்டையும் சரிசெய்து, புகைச் சோதனையில் தேறிய பிறகே எஃப்.சி.க்குக் கொண்டுபோனேன். அதில் தேறாத வண்டியைச் சாலையில் விடும் உரிமை யாருக்கும் இல்லை.

இப்போது பதிவு 2029 டிசம்பர் வரை. அதற்குள் டைமிங் பெல்ட் மறுபடி மாற்ற வேண்டியிருக்கும். பின்னால் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று இப்போதே ஒன்றை வாங்கி வைக்கப் பார்த்தேன். மெக்கானிக் தம்பி தடுத்துவிட்டான். "ரப்பர் சாமான் பொட்டியில இருந்தாலும் வயசாவும்ணா. லோயர் ஆர்ம், விளக்கு, கண்ணாடி கெடைச்சா வாங்கி வைங்க. பெல்ட்ட மாத்துற அன்னிக்குப் புதுசா வாங்கிக்கலாம்." இடப்பக்க லோயர் ஆர்ம் ஒன்று வாங்கி, பில்லின் ஓரத்தில் கிலோமீட்டரை எழுதி ஃபைலில் வைத்திருக்கிறேன். வலப்பக்கத்துக்குப் புதுப்பேட்டையில் சொல்லி வைத்திருக்கிறேன்.