பஞ்சச் சொற்கள் (கொங்குப் பகுதி)

பசி, பட்டினி, பஞ்சம் என்ற மூன்றையும் தமிழ் தனித்தனியே வைத்திருக்கிறது. பசி உடம்பின் உணர்வு. வயிறார உண்டவருக்கும் அது திரும்ப வரும். பட்டினி உண்ணாமல் கிடப்பது. விரதமாகவும் இருக்கலாம், வறுமையாகவும் இருக்கலாம். பஞ்சம் தனியாளுக்கு வருவதல்ல, ஊருக்கு வருவது. அவிநாசியை அடுத்த சேவூர் போன்ற மானாவாரிச் சிற்றூர்களில் இதற்கு முன்னோட்டமாக வேறு பேச்சுகள் உண்டு: மானம் (வானம்) பொய்த்தது, வெள்ளாமை போச்சு. ‘பஞ்சம் பொழைக்கப் போனாங்க’ என்றால் ஊரையே விட்டாயிற்று என்று பொருள்.

பழைய இலக்கியம் பசியை நோயாகவே கண்டது. ‘பசிப்பிணி’ புறநானூற்றிலும் மணிமேகலையிலும் வருகிறது. சிறுகுடி கிழான் பண்ணன் அந்தப் பிணிக்கு மருத்துவனாகப் பாடப்பட்டான். காயசண்டிகை என்ற பெண்ணைப் பிடித்த தீராப் பசிக்கு மணிமேகலைக் காப்பியம் தரும் பெயர் ‘யானைத்தீ’. திருக்குறளில் ‘அழிபசி’, ‘உறுபசி’ என்ற தொடர்கள் உள்ளன. மழையற்ற நெடும்பஞ்சத்துக்கு ‘வற்கடம்’ என்று பெயர். பாண்டிய நாட்டில் பன்னிரண்டு ஆண்டு வற்கடம் நிலவியதாக இறையனார் களவியல் உரை கூறுகிறது.

செவ்வியல் சீனமொழி வேறு வழியில் சென்றது. அங்கே பொய்த்த பயிரை வைத்துப் பஞ்சத்துக்குப் பெயரிட்டார்கள். எர்யா என்னும் பழைய அகராதியில் தானியம் விளையாதது ‘ஜி’, காய்கீரை விளையாதது ‘ஜின்’, கனி விளையாதது ‘ஹுவாங்’. குலியாங் என்னும் பழைய உரைநூல் ஒரு தானியம் பொய்ப்பது முதல் ஐந்தும் பொய்ப்பது வரை ஐந்து பெயர்களை அடுக்குகிறது. மோசி என்னும் மெய்யியலாளரின் பெயர்கொண்ட நூலிலும் ஐந்து படிகள் உண்டு. ஆனால் பெயர்கள் இடம் மாறுகின்றன. உரையில் மூன்று தானியம் பொய்த்த நிலையைக் குறிக்கும் ‘ஜின்’ இங்கே ஒன்று பொய்த்ததற்கே வந்துவிடுகிறது. இந்தப் பட்டியல்கள் உழவர் பேச்சைவிட அரசாங்கக் கணக்கையே நினைவூட்டுகின்றன. மோசி நூலும் அதை மறைக்கவில்லை: முதற்படியில் அதிகாரிகளின் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கு வெட்டு, அடுத்ததில் இரண்டு பங்கு; ஐந்தாவதில் ஊதியமே கிடையாது, சாப்பாடு மட்டும்.

தமிழில் இப்படிப் பயிர்வாரியான படிகள் இல்லை. இங்கே அளவுகோல் வயிறுதான்: அரைவயிறு, கால்வயிறு, அரைப்பட்டினி, முழுப்பட்டினி. பெரும் பஞ்சங்களுக்கோ அறுபதாண்டுச் சுழற்சியின் வருடப்பெயர் நின்றுவிட்டது. 1876-இல் தொடங்கி 1878 வரை நீண்டது ‘தாது வருஷப் பஞ்சம்’. அன்று சேவூர்ப் பகுதி கோயமுத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பஞ்சங்களின் அவலத்தைச் சொல்லும் கொங்கு நாட்டுக் கும்மிப் பாடல்களைப் புலவர் செ. இராசு தொகுத்துப் பதிப்பித்திருக்கிறார். தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று ஆங்கில அரசின் பஞ்சப் பிரதிநிதி ரிச்சர்டு டெம்பிள் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக்கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அது ‘டெம்பிள் கூலி’ என்றே பெயர்பெற்றது. உடலுழைப்புக்கு இது போதாது என்று சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். நிவாரணக் கஞ்சி ஊற்றிய இடம் ‘கஞ்சித்தொட்டி’. பிற்காலத்தில் நெசவாளர் நெருக்கடிகளின்போதும் இதே பெயரில் தொட்டிகள் திறக்கப்பட்டன.

இன்று சேவூர்ச் சுற்றுவட்டாரத்திலிருந்து பனியன் கம்பெனிக்குப் போகிறவர்களிடம் ‘பஞ்சம்’ கூலிச் சொல்லாகவும் வாழ்கிறது. விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்டக் கூலியோடு சேர்த்துத் தரும் தொகை ‘பஞ்சப்படி’. அரசு வழக்கில் அதுவே ‘அகவிலைப்படி’. அகவிலை என்றால் தானிய விலை. மோசி நூல் சொல்லும் அரசில் பஞ்சம் வந்தால் ஊதியம் குறையும். இங்கே கூட வேண்டும் என்பது தொழிலாளர் வாதம். பஞ்சப்படி சும்மா கிடைத்துவிடவில்லை. 1984-இல் பஞ்சப்படி கேட்டுத் திருப்பூர்ப் பனியன் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாள் நீடித்தது.