மில்லே மீலியாவும் இத்தாலியப் பழங்கார் ஆர்வலர்களும்

இத்தாலியப் பழங்கார் ஆர்வலர் பண்பாடு என்பது ஆல்ஃபா ரோமியோ, லான்சியா, மசராட்டி, ஃபெராரி முதலிய நிறுவனங்கள் இருபதாம் நூற்றாண்டில் உருவாக்கிய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடிக் கண்டெடுத்து, பழுது நீக்கி, சாலையில் ஓட்டி, அவற்றின் வரலாற்றைப் பதிவு செய்து வரும் மரபைக் குறிக்கும். வட இத்தாலியின் பிரெசியா நகரில் தொடங்கி அங்கேயே முடிந்த 'மில்லே மீலியா' என்னும் நெடுஞ்சாலைப் பந்தயம் இம்மரபின் வேர்களுள் ஒன்று. வேகத்துக்காகவே செய்யப்பட்ட இக்கார்கள், அந்த வேகப் பந்தயம் உயிர்ப்பலியால் நின்றுபோன பிறகுதான் பாதுகாக்க வேண்டிய செல்வமாகக் கருதப்பட்டன. எதைப் பாதுகாப்பது, எப்படிப் பாதுகாப்பது என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது.

பந்தயத்தின் தோற்றம்

1921-இல் இத்தாலிய கிராண்ட் பிரீ பந்தயம் பிரெசியாவுக்கு அருகிலுள்ள மொந்திகியாரியில் நடந்தது. மறு ஆண்டே மிலான் நகருக்கு அருகில் மொன்சா பந்தயத் தடம் கட்டப்பட, அப்பெருமை பிரெசியாவின் கையைவிட்டுப் போனது. இழந்த பெயரை மீட்க அய்மோ மாஜி, ஃபிராங்கோ மத்சோத்தி, ரென்சோ கஸ்தஞ்ஞெத்தோ, பத்திரிகையாளர் ஜோவன்னி கனெஸ்திரினி ஆகிய நால்வர் புதிய பந்தயம் ஒன்றைத் திட்டமிட்டனர். பிரெசியாவில் புறப்பட்டு, ரோம் சென்று, மீண்டும் பிரெசியாவுக்குத் திரும்ப வேண்டும். தொலைவு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். இது பண்டைய ரோமானிய அளவில் ஆயிரம் மைலுக்குச் சற்று மேல். 'மில்லே மீலியா' என்றால் 'ஆயிரம் மைல்' என்று பொருள்.

முதல் பந்தயம் 1927 மார்ச்சில் நடந்தது. பிரெசியாவிலேயே தயாரான ஓ.எம். கார்கள் முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. வென்ற காரின் சராசரி வேகம் மணிக்குச் சுமார் 77 கிலோமீட்டர். 1930-இல் தாத்சியோ நுவொலாரி ஆல்ஃபா ரோமியோ காரில் மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டினார். 1955-இல் ஸ்டெர்லிங் மாஸ், ஜெர்மானிய மெர்சிடிஸ் காரில் 10 மணி 7 நிமிடம் 48 நொடியில் சுற்றை முடித்தார். அவருடைய சராசரி வேகம் மணிக்கு 157 கிலோமீட்டருக்கு மேல். இந்த 28 ஆண்டுகளில் கார்களின் வேகம் இரு மடங்கானது. ஆனால் அவை ஓடியது அதே ஊர்த் தெருக்களில், அதே மக்கள் கூட்டத்துக்கு நடுவில்.

பாடி கட்டும் பட்டறைகள்

இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார்கள் பலவற்றுக்குத் தொழிற்சாலை எஞ்சினையும் சட்டகத்தையும் மட்டுமே செய்தது. மேல் உடலைத் தனிப் பட்டறைகள் கட்டின. மிலானின் சகாத்தோ, டூரிங், துரினின் பினின்ஃபரினா, மொடேனாவின் ஸ்காலியெத்தி ஆகியவை அவற்றுள் புகழ்பெற்றவை. டூரிங் நிறுவனம் மெல்லிய எஃகுக் குழாய்களால் கூடு அமைத்து, அதன்மேல் அலுமினியத் தகடு போர்த்தும் முறையைக் கையாண்டது. இதற்கு 'சூப்பர்லெஜ்ஜேரா', அதாவது 'மிக இலேசானது' என்று பெயர். ஸ்காலியெத்தி பட்டறையில் தொழிலாளர்கள் தகட்டைச் சுத்தியலால் தட்டித் தட்டியே வளைவுகளை உருவாக்கினர். எனவே ஒரே வகைக் கார்கள் இரண்டை அருகருகே நிறுத்தினாலும் அவை அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

பினின்ஃபரினா வடிவமைத்த சிசித்தாலியா 202 கார், 1951-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் நடத்திய கார் கண்காட்சியில் இடம்பெற்றது. பின்னர் அவ்வகைக் கார் ஒன்று அதன் நிரந்தரத் தொகுப்பிலும் சேர்ந்தது. காரை ஒரு கலைப்பொருளாகப் பார்க்கும் பார்வை வலுப்பெற இது உதவியது.

1957 விபத்து

பந்தயத்துக்கு உயிர்ப்பலி புதிதல்ல. 1938-இல் பொலோனியா நகரில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்ததில் ஏழு குழந்தைகள் உட்படப் பத்துப் பேர் இறந்தனர். 1939-இல் பந்தயம் நடக்கவில்லை. 1940-இல் நாடு முழுதும் சுற்றும் பாதைக்குப் பதிலாக ஒரு குறுகிய வட்டப் பாதையில் நடந்தது. உலகப் போருக்குப் பின் 1947-இல் பழைய வடிவம் திரும்பியது.

1957 மே 12 அன்று, பந்தயம் முடியச் சிறிது தொலைவே இருந்த நிலையில், குயிதித்சோலோ ஊருக்கு அருகே அல்ஃபோன்சோ தெ போர்தாகோ ஓட்டிய ஃபெராரியின் டயர் வெடித்தது. அவரும் துணை ஓட்டுநர் எட்மண்ட் நெல்சனும், சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் இறந்தனர். அந்த ஒன்பது பேரில் ஐவர் குழந்தைகள். காரில் பூட்டப்பட்ட டயர்கள் தொடர்பாக என்சோ ஃபெராரிமீது வழக்குத் தொடரப்பட்டது. 1961-இல் அவர் விடுவிக்கப்பட்டார். மில்லே மீலியா வேகப் பந்தயம் 24 பந்தயங்களோடு முடிவுக்கு வந்தது.

கேட்பாரற்றுக் கிடந்த காலம்

பந்தயக் காரின் ஆயுள் குறுகியது. அடுத்த ஆண்டு இன்னும் வேகமான கார் வந்துவிட்டால் பழையது வெறும் செகண்ட் ஹேண்ட் வண்டிதான். ஃபெராரி 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்த 250 ஜி.டி.ஓ. காருக்கும் இதே நிலைதான். அவற்றுள் ஒன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலப் பள்ளி ஒன்றில் மாணவர்களுக்கு மெக்கானிக் வேலை கற்பிக்கப் பயன்பட்டது. விற்கப்பட்ட பின் ஒஹையோ மாநிலத்தில் பல ஆண்டுகள் வெட்டவெளியில் நின்றது.

இக்காலத்தில் கார்களைக் காப்பாற்றியவர்கள் ஆர்வலர்களே. பழைய இரும்பு விலைக்குப் போகவிருந்தவற்றை வாங்கி வைத்ததோடு, சட்டக எண், எஞ்சின் எண், உரிமையாளர் வரிசை, ஓடிய பந்தயங்கள் ஆகியவற்றையும் தொகுத்தனர். 1962-இல் இத்தாலிய ஆல்ஃபா ரோமியோ பதிவேடு அமைப்பும், 1966-இல் இத்தாலியப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஏ.எஸ்.ஐ.யும் தோன்றின. பழைய வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பு ஃபீவா தொடங்கியதும் 1966-இல்தான். பிற்காலத்தில் ஒரு காரின் உண்மையை நிறுவ இத்தகைய பதிவேடுகளே சான்றாயின.

மீண்டும் மில்லே மீலியா

முதல் பந்தயத்தின் ஐம்பதாம் ஆண்டான 1977-இல் மில்லே மீலியா புது வடிவில் திரும்பியது. இப்போது போட்டி வேகத்துக்கல்ல, காலந்தவறாமைக்கு. குறித்த தொலைவைக் குறித்த நேரத்தில், நொடியின் நூறில் ஒரு பங்கு வரை துல்லியமாகக் கடக்க வேண்டும். முந்தினாலும் பிந்தினாலும் புள்ளி குறையும். 1927 முதல் 1957 வரை அசல் பந்தயத்தில் கலந்துகொண்ட வகைக் கார்களுக்கே இதில் இடமுண்டு. தொடக்கத்தில் இடைவெளி விட்டு நடந்தது, பின்னர் ஆண்டு நிகழ்வாயிற்று. 2004-இல் பிரெசியாவின் பழைய சாந்த் எவுஃபேமியா மடாலயக் கட்டடத்தில் மில்லே மீலியா அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

விலையும் அசலும்

ஆர்வலர்களின் உழைப்பு எதிர்பாராத விளைவு ஒன்றையும் தந்தது. வரலாறு பதிவாக ஆக, கார்களின் விலை ஏறியது. பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் 1977-இல் ஒரு 250 ஜி.டி.ஓ. காரைச் சுமார் 37,000 பவுண்டுக்கு வாங்கினார். 2018-இல் அதே வகைக் கார் ஒன்று அமெரிக்க ஏலத்தில் 48.4 மில்லியன் டாலருக்கு விற்றது.

விலை ஏறியதும் போலிகள் பெருகின. விலை குறைந்த ஃபெராரி ஒன்றின் சட்டகத்தின்மேல் ஜி.டி.ஓ. வடிவ உடலைக் கட்டிவிட முடியும். 2019-இல் பொலோனியா நீதிமன்றம் ஜி.டி.ஓ.வின் வடிவத்தைப் பாதுகாப்புக்குரிய கலைப்படைப்பாக ஏற்று, நகல் தயாரிப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஃபெராரி நிறுவனமும் பழைய கார்களை ஆய்வு செய்து சான்றளிக்கும் தனிப் பிரிவை நடத்துகிறது. இப்பிரிவு பழைய வரைபடங்களைக்கொண்டு எஞ்சின் பாகங்களைப் புதிதாக வார்த்தும் தருகிறது.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. எஞ்சின் புதிது, தகடு புதிது, பெயிண்ட் புதிது என்றான பின் அது பழைய கார்தானா? ஒரு தரப்பினர் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளன்று இருந்ததுபோல் பளபளக்க வேண்டும் என்கின்றனர். மறு தரப்பினரோ, மங்கிய பெயிண்ட்டும் கிழிந்த இருக்கையும் அந்தக் கார் வாழ்ந்த வாழ்க்கையின் தடயங்கள், அவற்றைத் துடைத்தெடுப்பது வரலாற்றை அழிப்பது என்கின்றனர்.

துரின் சாசனம்

இதற்கு வழிகாட்ட ஃபீவா அமைப்பு துரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. கட்டடப் பாதுகாப்புக்கான 1964-ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம் இதற்கு முன்மாதிரி. எஞ்சியிருப்பதை முடிந்தவரை அப்படியே காப்பதே முதற்கடமை, செய்யும் மாற்றங்கள் எல்லாம் பதிவாக வேண்டும் என்கிறது இச்சாசனம். பழைய வாகனத்தைச் சாலையில் ஓட்டுவதையும் பாதுகாப்பின் ஒரு பகுதியாகவே அது கருதுகிறது.

அதற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. நீண்ட நாள் ஓடாமல் நிற்கும் காரில் ஆயில் சீல்கள் காய்ந்து வெடிக்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாக உறையும். பிரேக் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகும். கார்கள் ஓடாவிட்டால் அவற்றைச் சீர்செய்யும் மெக்கானிக்குகளுக்கும், தகடு தட்டும் கைவினைஞர்களுக்கும் வேலை இராது. அடுத்த தலைமுறை அத்தொழிலைக் கற்கவும் வாய்ப்பிராது. விலை உயர்ந்ததால் பூட்டிய அறைக்குள் முதலீடாக நிற்கும் காரைவிட, மழையிலும் புழுதியிலும் பிரெசியாவிலிருந்து ரோமுக்குப் போய்வரும் கார்தான் இம்மரபை உயிரோடு வைத்திருக்கிறது என்பது ஆர்வலர் பலரின் நிலைப்பாடு.