மலாக்காத் தோட்டத் திடலும் காற்பந்தாட்டமும்

மலாயாக் காற்பந்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தொடங்குவதே வழக்கம். ஆயின் அவ்வரலாற்றின் முதல் ஏட்டிலேயே மலாக்காவுக்கும் இடமுண்டு. 1921-ஆம் ஆண்டில், 'மலாயா' என்னும் பிரிட்டிஷ் போர்க்கப்பலைச் சேர்ந்தோர் அளித்த கிண்ணத்துக்காக ஆறு அணிகள் போட்டியிட்டன. சிங்கப்பூர், சிலாங்கூர், பேராக், பினாங்கு, நெகிரி செம்பிலான் ஆகியவற்றோடு ஆறாவதாக நின்றது மலாக்கா. அம்மாநிலத்தின் தோட்டங்களிலே வாழ்ந்த தமிழிளைஞர்க்கு இவ்வாட்டம் எவ்வாறு உரிமையாயிற்று, அவர்தம் திறமை எங்கே தடைப்பட்டது என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

மலாயாவில் ரப்பர் வணிகப் பயிராக வேர்கொண்டதும் மலாக்காவில்தான். 1896-இல் டான் சே யான் என்பார் புக்கிட் லிந்தாங்கில் ரப்பரைப் பயிரிட்டார்; பின்னர் புக்கிட் ஆசகானில் அதனைப் பெருந்தோட்டமாக விரித்தார். பிற தோட்டங்களும் பெருகவே, தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் ஜாசின், அலோர் காஜா வட்டாரங்களின் லயன் வீடுகளில் குடியேறினர்.

பால்மரம் வெட்டுதல் விடியுமுன் தொடங்கும் தொழில். வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆதலால் வெட்டும், பால் எடுப்பும், நிறுவையும் நண்பகலை ஒட்டி முடிந்துவிடும்; மாலைப்பொழுது இளைஞர் கையில் எஞ்சும். கிரிக்கெட்டுக்கும் ஹாக்கிக்கும் மட்டைகளும் பிற கருவிகளும் வேண்டும். காற்பந்துக்கோ ஒரு பந்தும் சிறிது வெளியும் போதும், வெறுங்காலோடும் ஆடலாம். தோட்டத்துப் பிள்ளைகள் இவ்வாட்டத்தைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் இதுவே.

திடல் இருந்தது, ஆனால் திடலிலிருந்து மேலேறும் படி இல்லை. மாநில அணிக்குச் செல்லும் வழி பெரும்பாலும் நகரக் கழகங்களின் வழியாகவும் ஆங்கிலப் பள்ளிகளின் வழியாகவுமே சென்றது. 1826-இல் தோன்றிய மலாக்கா உயர்நிலைப் பள்ளியும், 1880-இல் தோன்றிய செயின்ட் பிரான்சிஸ் பள்ளியும் நகரிலே இருந்தன. தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கல்வியோ தொடக்க வகுப்புகளோடு முடிந்தது. அதன்பின் வெட்டுக்கத்தியை ஏந்திய சிறுவன் எத்துணை விரைந்து ஓடினும், தேர்வாளர் கண்ணில் படுவது அரிதாயிற்று. விடுதலைக்குப்பின் புகுமுக வகுப்பு வழியாகத் தமிழ்ப்பள்ளி மாணவர் இடைநிலைப் பள்ளிக்குச் செல்லத் தொடங்கிய பிறகே இந்நிலை சிறிது நெகிழ்ந்தது.

வழி கிடைத்தபோது தமிழர் எய்திய உயரத்துக்குச் சான்றுகள் உள. 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் ஆடிய மலேசிய அணிக்குத் தலைவர் எம். சந்திரன். அவ்வணி மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றதாயினும், அமெரிக்காவை 3–0 என வென்றது. அதே அணியில் ஆடிய சோ சின் ஆன், மலாக்காவின் அலோர் காஜாவில் பிறந்தவர். 1980-இல் மாஸ்கோ ஒலிம்பிக் தகுதிப் போட்டியில், மெர்டேக்கா அரங்கத்திலே தென்கொரியாவை மலேசியா 2–1 என வென்றபோது கோலைக் காத்தவர் ஆர். ஆறுமுகம். கைகள் நீண்ட அவரை மக்கள் 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்தனர். நாடு அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தமையால் வென்றவர்கள் மாஸ்கோவுக்குச் செல்லவில்லை. 1988-இல் ஆறுமுகம் சாலை விபத்தில் மறைந்தார். ஆட்டக்காரராயிருந்து பயிற்றுநரான கே. ராஜகோபால், 2009-இல் தென்கிழக்காசிய விளையாட்டில் தங்கத்தையும், 2010-இல் சுசுகி கிண்ணத்தையும் நாட்டுக்குப் பெற்றுத் தந்தார்.

இங்கே ஒன்றை நோக்குதல் வேண்டும். ஆறுமுகமும் ராஜகோபாலும் சிலாங்கூருக்கு ஆடியவர்கள். அலோர் காஜாவின் சோ சின் ஆனும் சிலாங்கூர் அணியிலேதான் பெரும்புகழ் எய்தினார். திறமை எங்கும் பிறக்கும். அதை வளர்க்கும் அமைப்பு சில இடங்களிலேதான் இருக்கும்.

தோட்டங்களும் நிலைத்து நிற்கவில்லை. 1950-களில் ஆங்கிலேயர் தோட்டங்களை விற்கவும், வாங்கியோர் அவற்றைத் துண்டாடவும் தொடங்கினர். அதைத் தடுக்கவே 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பின்னர் ரப்பரின் இடத்தைச் செம்பனை பிடித்தது. மக்கள் பட்டணம் நோக்கிப் பெயர்ந்தனர். திடல்கள் ஆளற்றுப் போயின. அண்மையிலும் இழப்பு நேர்ந்ததுண்டு. மலேசிய இந்தியக் காற்பந்துச் சங்கத்தின் அணியாகத் தொடங்கி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி எனப் பெயர்பெற்று உயர்நிலை லீக்கில் ஆடிய கழகம், 2022-ஆம் ஆண்டுப் பருவத்தோடு விலகியது. மலாக்கா யுனைடெட் கழகமும் 2023-க்கான உரிமத்தைப் பெறவில்லை.

தேசிய வீரரின் பெயரை ஏடுகள் காக்கும். தோட்ட அணியில் ஆடியவரின் பெயரை யார் காப்பார்? மலாக்காவில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றின் ஆசிரியர்கள், பழைய தோட்டக் குடும்பங்களிடம் எஞ்சியுள்ள அணிப் படங்களை மாணவரைக் கொண்டு தேடுவிக்கலாம். படத்தில் நிற்போர் யார், எந்தத் தோட்டத்தினர், எந்த ஆண்டில் ஆடினர் என முதியோரைக் கேட்டு எழுதிவைக்கலாம். அடையாளம் சொல்லவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே இப்பணி தொடங்கவேண்டும்.