நாணயப் பிழைகளும் பதக்கங்களும்: அடையாளம் காணும் முறை

நாணயப் பிழை என்பது, நாணயச்சாலையை விட்டு வெளியேறும் முன்பே ஒரு காசில் நேர்ந்துவிட்ட கோளாறு. சேகரிப்பாளர்கள் ‘எரர் காயின்’ என்று தேடுவது இதைத்தான். புழக்கத்துக்கு வந்த பின் சுத்தியலாலோ அமிலத்தாலோ நகைப்பட்டறையிலோ ஏற்பட்ட மாற்றம் எவ்வளவு விநோதமாக இருந்தாலும் அது சேதமே. இரண்டையும் பிரித்தறிய, காசு எப்படி உருவாகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். விலைப்பட்டியலை மனப்பாடம் செய்வதால் அந்த அறிவு வராது.

உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி, சூடாக்கிப் பதப்படுத்தி, ஓரத்தைச் சற்று உயர்த்துகிறார்கள். பிறகு ஒரு வளையத்துக்குள் வைத்து, மேல் அச்சுக்கும் கீழ் அச்சுக்கும் நடுவே அழுத்துகிறார்கள். ஆகவே பிழை வில்லையில் நேரலாம், அச்சில் நேரலாம், அழுத்தும் கணத்தில் நேரலாம், வேறு வழியில்லை. கையிலுள்ள விநோதம் இவற்றில் எதனால் வந்தது என்று சொல்ல முடியாதவரை, அதைப் பிழையாக எண்ணிப் பணம் கொடுக்கக் கூடாது.

வில்லைப் பிழைகளில் அதிகம் போலி செய்யப்படுவது பிறை வடிவில் ஓரம் குறைந்த காசு. தகடு போதிய தூரம் நகராமல், முன்பு வெட்டிய துளையின் மேலேயே அடுத்த வெட்டும் விழுந்தால் இக்குறை வரும். அரம் வைத்திருக்கும் எவரும் இதைச் செய்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் உண்மையான குறைக்கு நேர் எதிர்ப்புறத்தில் விளிம்பு மங்கியோ அறவே இல்லாமலோ இருக்கும். ஓரத்தை உயர்த்தும் இயந்திரத்தில் வில்லை இருபுறமும் நெருக்கப்பட்டு உருள்கிறது. வெட்டுப்பட்ட பகுதி ஒரு பக்கம் வரும்போது எதிர்ப்பக்கத்துக்கு நெருக்கம் கிடைப்பதில்லை. இதற்கு பிளேக்ஸ்லி விளைவு என்று பெயர். உண்மையான காசு எல்லாவற்றிலும் இது தெளிவாக இராது. இருந்தால் மிக வலுவான சான்று. அரத்தால் இதை உண்டாக்குவது கடினம்.

வேறு காசுக்கான வில்லையில் அச்சான பிழையைத் தராசு சொல்லிவிடும். 2011-இல் வெளிவந்த வரிசையில் ஒரு ரூபாயின் எடை 3.79 கிராம், இரண்டு ரூபாயின் எடை 4.85 கிராம். ஒரு ரூபாய் வில்லையில் இரண்டு ரூபாய் அச்சு விழுந்திருந்தால் எடை 3.79-ஐ ஒட்டி நிற்கும். ஓரத்து எழுத்துகள் வில்லைக்கு வெளியே போயிருக்கும். அமிலத்தில் ஊறிய காசும் எடை குறையும், ஆனால் அதில் எழுத்துகள் எல்லாம் இருக்கும். ஒவ்வொன்றும் மெலிந்து கரைந்திருக்கும். நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் தராசு, பத்து மடங்கு உருப்பெருக்கி, வெர்னியர் காலிப்பர், காந்தம் ஆகியவை இருந்தால் தொடக்கத்துக்குப் போதும். 1943-இல் அமெரிக்க சென்ட் எஃகில் அடிக்கப்பட்டது. தவறுதலாக வெண்கல வில்லையில் அச்சான மிகச் சில காசுகள் பெரும் விலை பெறுவதால், எஃகுக் காசுக்குச் செம்பு முலாம் பூசி விற்கிறார்கள். முலாம் பூசியது காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

அச்சு விரிசல் விட்டால் உலோகம் அதற்குள் புகுந்து, காசில் மேடான கோடாக நிற்கும். கீறலோ பள்ளமாக இருக்கும். இந்த ஒரு வேறுபாடு மனத்தில் பதிந்தாலே பாதி ஏமாற்றங்கள் நீங்கும். 1937-இல் டென்வர் நாணயச்சாலையில், பழுதான அச்சை அளவுக்கு மேல் தேய்த்ததால், ஐந்து சென்ட் காசின் காட்டெருமை ஒரு முன்னங்காலை இழந்தது. சாதாரணக் காசில் காலைச் சுரண்டியெடுத்து இதைப் போலி செய்கிறார்கள். உண்மையானதில், வயிற்றுக்குக் கீழிருந்து தரைவரை மேடான சிறு புள்ளிகள் வரிசையாக இறங்கும். சுரண்டிய காசில் அவை இல்லை.

அழுத்தும்போது முந்தைய காசு ஓர் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்த வில்லையில் அந்தக் காசின் வெளித்தெரியும் முகம் கண்ணாடிப் பிம்பமாகக் குழிந்து பதியும். இது பிராக்கேஜ். இரண்டு காசுகளைப் பட்டறை இடுக்கியில் வைத்து நெருக்கினாலும் இப்படிக் குழிவு வரும். ஆனால் அதில் காசின் பழைய உருவம் நசுங்கிய நிலையில் அடியில் தெரியும்.

பிழையல்லாதவற்றையும் அறிய வேண்டும். இந்தியக் காசில் ஆண்டுக்குக் கீழுள்ள வைரம் மும்பையையும், நட்சத்திரம் ஹைதராபாத்தையும், புள்ளி நொய்டாவையும் குறிக்கும். கொல்கத்தாவுக்குக் குறி இல்லை. பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருப்பதாகவும், எல்லாம் செல்லும் என்றும் ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கியது. அமெரிக்கக் காசைப் பக்கவாட்டில் திருப்பினால் மறுமுகம் தலைகீழாகத் தெரிவது அந்நாட்டு வழக்கம்.

பதக்கம் காசைப் போலவே அச்சில் அடிக்கப்பட்டாலும் அதற்குப் பண மதிப்பு இல்லை. உருவம் உயரமாக எழும்ப, பெரிய பதக்கங்களைப் பலமுறை அழுத்துவார்கள். பாரத ரத்னா, பத்ம விருதுகளின் பதக்கங்கள் கொல்கத்தா நாணயச்சாலையில் உருவாகின்றன. இவற்றோடு சேராதவை, ராமர் பட்டாபிஷேகம் பொறித்த ராமடங்கா போன்ற கோயில் வில்லைகள். அவை வழிபாட்டுப் பொருள் என்ற அளவில் சேகரிக்கத் தக்கவை. ஆனால் அனுமன் உருவத்தோடு ‘1818, கிழக்கிந்தியக் கம்பெனி, ஓர் அணா’ என்று பொறித்து விற்பது வெறும் கற்பனை. கம்பெனி அப்படியோர் அணாவை வெளியிடவில்லை. அதே கம்பெனி சென்னையில் 1808 வாக்கில் கோபுரமும் விஷ்ணுவும் பொறித்த வெள்ளி அரை வராகனை அடித்தது உண்மை. ஆகவே தெய்வ உருவம் இருப்பதை வைத்து மட்டும் எதையும் தள்ளவோ கொள்ளவோ முடியாது.

காசுமாலையில் கோத்திருந்த சவரன்களின் ஓரத்தில் பற்றவைத்த தடம் இருக்கும். எவ்வளவு மெருகேற்றினாலும் அந்த இடத்தில் விளிம்பின் வரிகள் கெட்டிருக்கும். தங்க மதிப்பு குறையாது, சேகரிப்பு மதிப்பு குறையும். மெருகேற்றுவதே கெடுதல்தான். பழைய காசையோ பதக்கத்தையோ புளி போட்டுத் தேய்த்தால் மேற்பரப்பு மீளாது.

போர்ப் பதக்கங்களில் முதலில் விளிம்பைப் பார்க்க வேண்டும். முதல் உலகப் போருக்கான பிரிட்டிஷ் வெள்ளிப் பதக்கத்தின் விட்டம் 36 மில்லிமீட்டர். பெற்றவரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும். புகழ்பெற்ற படைப்பிரிவின் பெயருக்காக, பழைய பெயரை அரத்தால் அழித்து வேறு பெயர் பொறிப்பதுண்டு. காலிப்பரில் விட்டத்தைப் பல கோணங்களில் அளந்து, ஓரிடத்தில் மட்டும் குறைந்தால் அங்கே உருப்பெருக்கியை வைத்துப் பார்க்க வேண்டும்.